முதலாவது துணை மடி

என் வயிற்றைப் பற்றி ஊரில் பலர் பலவிதமாகக் கதைத்திருக்கிறார்கள். கொடிகாமம் சந்தையில் நான் மரக்கறிக் கொமிஷன் கடை வைத்திருக்கிறேன். கத்தரிக்காய் கொண்டுவருகிற தோட்டக்காரர்கள் தராசைப் பார்ப்பதைவிட என் வயிற்றைப் பார்ப்பதே அதிகம். தங்கள் உழைப்பெல்லாம் எங்கே போகிறது என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம். வயிறு முதலில் கடைக்கு வந்து சேரும், பிரகலாதன் பிறகு வருவான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். பிரகலாதன் நான்தான். இதையெல்லாம் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டவன். ஆனால் முத்திரை குத்தி, மும்மொழியிலும், எனக்கு மடி இல்லை என்று எழுதித் தந்தபோதுதான் கோபம் வந்தது.

காரணம் என் தங்கை உதயகலா. அவளுக்கு ஒன்பது மாதத்தில் இரட்டைப் பெண்பிள்ளைகள், ஆரணியும் தாரிகாவும். அவளுடைய புருசன் கோபிசங்கர் கனடாவில். பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போது போனவன், இரண்டு பேரையும் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்தவன். பார்த்துப் பார்த்து எது ஆரணி எது தாரிகா என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. விசா ஒருவாறு வந்தது. இங்கே வர அவனுக்கு வழியில்லை; சென்னைக்கு வந்து காத்திருப்பான், இவர்கள் எங்கள் குடாநாட்டிலிருந்து சின்ன விமானத்தில் சென்னைக்குப் போய்ச் சேரவேண்டும், பிறகு நால்வருமாகக் கனடா. இங்கிருந்து சென்னை ஒரு மணித்தியாலப் பயணம். சாவகச்சேரியிலிருந்து பருத்தித்துறைக்கு பஸ்ஸில் போக அதைவிட நேரம் பிடிக்கும்.

விமானத்தில் கைக்குழந்தை பெரியவரின் மடியில் போகலாம். ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளைதான். அது நியாயம், நான் மறுக்கவில்லை. விமானம் மேகத்துக்குள் தூக்கிப்போட்டால் ஒரு பிள்ளையை இறுக்கிப் பிடிக்கலாம், இரண்டைப் பிடிக்க முடியாது. பிள்ளைக்குத் தனி ஆசனம் எடுத்து அதில் பாதுகாப்புக் கதிரை பூட்டுகிற வழியும் உண்டு. கோபிசங்கர் ஒரு கதிரை வாங்கிக் கப்பலில் அனுப்பினான். அது வந்துகொண்டிருந்தது. இப்போதும் வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இரண்டாவதாக ஒரு மடி வேண்டியிருந்தது. அம்மா அப்பா காலமாகிவிட்டார்கள். நான் கலியாணம் செய்யவில்லை. எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரே மடி என்னுடையது. புராணத்துப் பிரகலாதன் மடியில் இருந்தவன், இந்தப் பிரகலாதன் மடி கொடுக்க வேண்டியவன் என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பயண முகவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். பெற்றோர் அல்லாத ஒருவர் பிள்ளையை மடியில் வைத்துப் பறப்பதென்றால் அவர் 'துணை மடி' எனப்படுவார். அதற்குச் சான்றிதழ் எடுக்கவேண்டும். கொழும்புக்குப் போய் ஏறினாலும் தப்ப முடியாது. மடி எங்கே வசிக்கிறதோ அங்கேதான் பதிவு.

வான்வழிச் சிறார் காப்புப் பணியகத்தின் வடபிராந்திய அலுவலகம் சாவகச்சேரியில் ஒரு வாடகை வீட்டின் மேல்மாடியில் இருந்தது. படி செங்குத்து, கைபிடி இல்லை. நான் சுவரைத் தடவித் தடவி ஏறினேன். மேலே, 'பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குழந்தைகளை உள்ளே கொண்டுவருவது தடைசெய்யப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை. அந்தப் படியைப் பார்த்தவர்களுக்கு அது சரியான முடிவாகவே தெரியும்.

பணிப்பாளர் தம்பிஐயா என்னை மரியாதையாக இருக்கச் சொன்னார். அவர் முன்பு கால்நடைத் தீவனப் பிரிவில் இருந்தவராம். மேசையில் ஒரு விளையாட்டு விமானம், அதன் இறக்கையில் பேனைகள். சுவரில் அவருக்குப் பொன்னாடை போர்த்துகிற படங்கள். பறப்பிலே பிள்ளைகளுக்கு வரக்கூடிய ஆபத்துகளை அவர் ஒவ்வொன்றாக விளக்கினார். கேட்கக் கேட்க எனக்கு வியர்த்தது. இவ்வளவும் தெரிந்தவர் உலகமெல்லாம் பறந்திருப்பார் என்று நினைத்து, எந்தெந்த நாடுகளுக்குப் போயிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நான் இன்னும் பிளேனிலை ஏறேல்லை," என்றார் தம்பிஐயா. "ஏறினால் பக்கச்சார்பு வந்திடும் தம்பி. நாங்கள் வெளியிலை நிண்டு பாக்கோணும்."

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. என் புத்தி அவ்வளவுதான். பிறகு அவர் மணியை அடித்து, தொழில்நுட்ப அலுவலர் குணலட்சுமியிடம் என்னை ஒப்படைத்தார்.

குணலட்சுமி தையற்காரரின் அளவு நாடா ஒன்றோடு வந்தார். கைந்நூலின்படி மடி என்பது, 'அமர்ந்த நிலையில் வயிற்றின் வெளியெல்லைக்கும் முழங்காலின் உள்ளெல்லைக்கும் இடைப்பட்ட, பயன்பாட்டுக்கு உகந்த சமதளம்.' ஒன்பது அங்குலம் இருக்கவேண்டும். என்னிடம் நாலு இருந்தது. நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, இப்போது அளவுங்கள் என்று கையால் காட்டினேன். ஐந்தரை வந்தது. சென்னை போய்ச் சேரும்வரை மூச்சை இப்படியே வைத்திருப்பீர்களா என்று குணலட்சுமி கேட்டார். கேலி இல்லை, படிவத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வயிறு தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது.

அன்று தந்த அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து உதயகலாவிடம் நீட்டினேன். 'மடி: பகுதியளவில் உண்டு. குழந்தைக்கு உகந்ததன்று. கைப்பை வைக்கலாம்.'

அவள் சிரித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சேலையில் கட்டிய ஏணைகள் இரண்டிலும் பிள்ளைகள் நித்திரை. சிரித்து முடித்துவிட்டு அவள் அந்தக் கடதாசியை இன்னொருமுறை வாசித்தாள். பிறகு இரண்டு ஏணையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, ஆரை விட்டிட்டுப் போறது அண்ணை?"

விசா முடிவதற்கு ஒரு மாதம்தான் இருந்தது. என் வயிற்றின் மேல் எனக்கு முதன்முதலாக வெட்கம் வந்தது அந்த நிமிடத்தில்தான். சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடவில்லை என்பார்கள். இங்கே பூசாரியையும் குறைசொல்ல முடியவில்லை, குறுக்கே நின்றது நான் இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது.

மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். மடியின் முன்னனுபவத்துக்கு ஆதாரம் இருந்தால் இணைக்கச் சொன்னார்கள். என்னிடம் இருந்தது. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவது. இரண்டு பிள்ளைகளுக்கும் என் மடியில் வைத்தே குத்தினோம், படமும் எடுத்தோம். சால்வை, சந்தனப்பொட்டு, மடியில் ஆரணி. படத்தைப் பெரிதாக அடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பமும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

குணலட்சுமி பூதக்கண்ணாடியை எடுத்தார். அந்தப் படத்தில் இருந்தவை என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு கிழமைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. 'குழந்தைக்கும் மடிக்கும் இடையில் தலையணை ஒன்று காணப்படுகிறது. குழந்தையைப் பிடித்திருக்கும் கையில் வளையல் இருப்பதால் அது விண்ணப்பதாரியின் கை அன்று. விண்ணப்பதாரி கண்களை மூடியுள்ளார்.' எல்லாம் உண்மை. வழுக்கிப் போகிறாள் என்று உதயகலாதான் தலையணை வைத்தாள், அவள்தான் பிடித்தாள். பத்தர் ஊசியை எடுத்ததும் நான் கண்ணை மூடிவிட்டேன். ஆரணி ஒரு கத்துக் கத்திவிட்டு நிறுத்திக்கொண்டாள். எனக்குத்தான் சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

மேன்முறையீடு தள்ளுபடியானாலும் 'விசேட பயிற்சியின் மூலம் மடியை மேம்படுத்தலாம்' என்று ஒரு வழி விட்டிருந்தார்கள். பயிற்சிக்குக் கொழும்பிலிருந்து ஒரு குழந்தைப் பொம்மை வரவேண்டும், அது வரவில்லை. பதிலாக ஒன்பது மாதப் பிள்ளையின் நிறையுள்ள பூசணிக்காய் ஒன்றை விண்ணப்பதாரியே கொண்டுவரவேண்டும். பூசணிக்காய்க்கு எனக்கா பஞ்சம்? சந்தையில் வடிவான ஒன்றைத் தெரிந்து, துவாயில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த மனிசி துவாயை விலக்கிப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு எழும்பிப் போனார்.

விமானக் குலுக்கலைப் பழக்குவதற்குப் பணியகம் ஒரு லான்ட்மாஸ்டரை வாடகைக்குப் பிடித்திருந்தது. அந்தக் கை உழவு இயந்திரத்தின் பின்னால் உள்ள பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கயிற்றால் கட்டி, அதில் என்னை இருத்தி, இடுப்பில் பட்டி போட்டார்கள். பிள்ளையின் பட்டி வேறு, அது பெரியவரின் பட்டியில் கோத்து வருவது, பெரியவரின் பட்டிக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்துக் கட்டினால் பெரியவரின் பாரம் முழுக்கப் பிள்ளையின் வயிற்றில் நெரிக்கும் என்று குணலட்சுமி கைந்நூலைப் பார்த்து வாசித்தார். நல்ல விஷயம், இன்றும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைப் பட்டியும் கொழும்பிலிருந்து வரவேண்டியிருந்தது. அது வரும்வரை பட்டி இருப்பதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள்.

வயல் ஒழுங்கையில் லான்ட்மாஸ்டர் வெளிக்கிட்டது. தம்பிஐயா முன்னால் மோட்டார் சைக்கிளில், கையில் ஒலிபெருக்கி. "பயணிகள் கவனத்திற்கு," என்று சொல்லிக்கொண்டே போனார். முதல் கிடங்கில் சக்கரம் இறங்கி ஏறியபோது நான் பூசணிக்காயைக் காப்பாற்றினேன். இரண்டாவது கிடங்கில் பூசணிக்காய் என்னைக் காப்பாற்றியது. மூன்றாவது கிடங்கு முச்சந்தியில் வந்தது. எனக்குப் பழக்கமான ஒரு தோட்டக்காரர் எதிரே வந்து, என்ன பிரகலாதன் இது என்று கேட்டார். மரியாதைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதுதான் பிழை. எங்கள் ஆட்கள் உயிர் போனாலும் அந்தக் கும்பிடை விடமாட்டார்கள். பூசணிக்காய் முச்சந்தியில் விழுந்து சிதறியது. தோட்டக்காரர் நாவூறு கழிக்கிறோம் என்று நினைத்து, ஒரு துண்டை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டு போனார்.

உடைந்தது பூசணிக்காய்தான். இருந்தாலும் துவாய் ஆரணியின் துவாய். அது புழுதியில் கிடந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு பதறியது.

பணியகத்தில் விபத்து விசாரணை வைத்தார்கள். விளக்கேற்றி, ஒரு நிமிட மௌன அஞ்சலியோடு தொடங்கியது. சாரதி குற்றமற்றவர் என்று தீர்மானித்தார்கள். ஒழுங்கை வேறு திணைக்களத்துக்குச் சொந்தம். 'பயிற்சிக் குழந்தை தன் பாதுகாப்புக்குப் போதிய ஒத்துழைப்பு வழங்கவில்லை' என்று இறுதி அறிக்கை சொன்னது. விண்ணப்பதாரிக்கு, பறக்கும்போது யாரையும் கும்பிடக் கூடாது என்று எச்சரிக்கை.

நான் வயிற்றைக் குறைக்கத் தொடங்கினேன். காலையில் கண்டி வீதியால் நடை, மத்தியானம் குரக்கன் பிட்டு, இரவில் தண்ணீர். உதயகலா அளவாகப் பரிமாறுவாள். நானும் ஒழுக்கமாக எழும்புவேன். பிறகு சந்தைக்குப் போய், தேநீர்க்கடைக்காரரின் மனம் நோகக்கூடாதே என்று நாலு வடை தின்பேன். பதினைந்து நாளில் வயிறு கால் அங்குலம் உள்ளே போய், மடி அவ்வளவு கூடியது. அதைக்கூட குணலட்சுமி நாடா சுருங்கியதால் வந்த வித்தியாசம் என்று எழுதினார். வீட்டில் உதயகலா என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். கோபமில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பிள்ளையை, பிளேனில் ஏறமாட்டேன் என்ற மாமியாரின் வீட்டில் உடுப்பிட்டியில் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் வந்து கூட்டிப்போகலாமா என்று கோபிசங்கரிடம் தொலைபேசியில் கேட்டது என் காதில் விழுந்தது. நான் போய்க் கிணற்றடியில் இருந்துகொண்டு என்னை நானே ஏசினேன்.

அந்த நேரத்தில்தான் தம்பிஐயாவே தொலைபேசி எடுத்தார். குரலில் தேன் வழிந்தது. பணியகத்தின் மூன்றாம் ஆண்டு நிறைவு விழா வருகிறது, கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் பிரதம விருந்தினராக வருகிறார், மேடையில் யாருக்காவது துணை மடிச் சான்றிதழ் வழங்கவேண்டும். விண்ணப்பித்தவர்களில் உயிரோடும் ஊரோடும் மிஞ்சியிருப்பவர் நான் ஒருவன்தானாம். என் மடி என்னவானது என்று கேட்டேன். அதற்குத் திருத்தம் கொண்டுவந்தாயிற்று என்றார். 'விண்ணப்பதாரியின் வயிறு, மடியின் செங்குத்தான தொடர்ச்சியாகக் கருதப்படும்.' அந்தக் கணக்கில் என்னிடம் இருபத்தொரு அங்குலம் இருந்தது. ஒரே நாளில் வடமாகாணத்தின் மிகப் பெரிய மடிக்குச் சொந்தக்காரன் ஆனேன்.

விழா ஒரு கலியாண மண்டபத்தில். நாதஸ்வரம், நிறைகுடம், வரவேற்பு நடனம். பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்றாலும் எங்கள் இரண்டையும் படத்துக்காக விசேடமாக அனுமதித்தார்கள். என்னை மேடையில் கதிரை போட்டு இருத்தி, ரோசாமாலை போட்டு, பொன்னாடை போர்த்தினார்கள். நான் வெட்கமில்லாமல் நெஞ்சை நிமிர்த்தினேன். கீழே சந்தைக்காரர் யாராவது வந்திருக்கிறார்களா என்றும் தேடினேன். தம்பிஐயா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தப் பணியகம் தொடங்கி மூண்டு வருசம்," என்றார். "எங்கடை துணை மடியிலை பறந்த ஒரு பிள்ளைக்கெண்டாலும் ஒரு கீறல் விழுந்ததெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம். சொல்லேலாது. ஏனெண்டால் ஒரு பிள்ளையையும் நாங்கள் இன்னும் பறக்க விடேல்லை."

மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

சான்றிதழ் கொடுத்தபின் படம் எடுக்கிற கட்டம். பணிப்பாளர் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தால் பத்திரிகைக்கு நன்றாயிருக்கும் என்று படப்பிடிப்பாளர் சொன்னார். தம்பிஐயா உதயகலாவின் கையிலிருந்து ஆரணியை வாங்கினார். அவர் வாங்கின விதத்திலேயே தெரிந்தது, மனுசன் வாழ்நாளில் பிள்ளை தூக்கியதில்லை. என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, விளையாட்டுப் போட்டியில் வென்ற கேடயம்போல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள் என்றார் படப்பிடிப்பாளர். உயர்த்தினார். ஆரணியின் பட்டுச் சட்டை வழுக்கியது.

நான் எழும்பவில்லை. என் உடம்பு அப்படிக் கெதியாக எழும்புகிற உடம்பு அல்ல. கதிரையில் இருந்தபடியே இரண்டு கையையும் விரித்தேன். ஆரணி தலைகீழாக வந்து, ரோசாமாலை, பொன்னாடை, அவற்றின் கீழே இருபது வருடத்து வடை, பிட்டு எல்லாவற்றின் மேலும் பொத்தென்று விழுந்தாள். ஒருமுறை மேலே எழும்பித் திரும்பவும் விழுந்தாள். நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இந்தமுறை கண்ணை மூடவில்லை.

ஆரணி தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தாள், மாலையிலிருந்து ஒரு ரோசாவைப் பிய்த்து வாயில் வைத்தாள், சிரித்தாள். தம்பிஐயா ஒலிவாங்கியிடம் திரும்பினார்.

"இது எங்கடை செய்முறை விளக்கம்," என்றார்.

இடி இடித்தமாதிரிக் கைதட்டல். பிரதம விருந்தினர் எழும்பி நின்று தட்டினார். உதயகலா மேடைக்கு வந்தாள். முகத்தில் இரத்தமில்லை. ஆரணியின் வாயிலிருந்த ரோசாவை எடுத்தாள், சான்றிதழை மேசையிலிருந்து எடுத்தாள். என்னைப் பார்த்து, "எழும்புங்கோ அண்ணை, போவம்," என்றாள். நன்றியுரைக்கு நாங்கள் நிற்கவில்லை.

விமானப் பயணத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் பெரும்பகுதியும் எனக்கு நினைவில்லை. சான்றிதழைச் சட்டம்போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன், ஒருவரும் கேட்கவில்லை. விமானப் பணிப்பெண் ஒரு குட்டிப் பட்டியைக் கொண்டுவந்து, என் பட்டியில் கோத்து, ஆரணியின் இடுப்பில் மாட்டிவிட்டாள். பிறகு என் பட்டி பூட்டுப்படவில்லை என்று கண்டு, உள்ளே போய் இன்னொரு நீட்டுப்பட்டி கொண்டுவந்து எனக்கும் மாட்டினாள். "ரெண்டு பேரும் அழாம வாங்க சார்," என்றாள்.

ஆரணி அழவில்லை. விமானம் ஓடத் தொடங்கியதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். பாதுகாப்புக்காகத்தான், ஆனால் யாருடைய பாதுகாப்புக்கு என்று யாரும் கேட்காதது நல்லது. நடைவழிக்கு மற்றப் பக்கத்தில் உதயகலா தாரிகாவோடு இருந்தாள். கடலுக்கு மேலே ஒருமுறை தூக்கிப்போட்டது. என் வாயில் தேவாரம் வந்தது, நடுவில் அடி மறந்துபோய்த் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். ஆரணி என் வயிற்றின் மேல் கவிழ்ந்து, ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். இறங்கும்போது காது அடைக்கும், பால் போத்தலைக் கொடுங்கள் என்று உதயகலா நீட்டினாள். ஆரணி குடித்தாள். எனக்குக் காது வெடித்தது, ஆனால் எனக்கு ஒருவரும் போத்தல் தரவில்லை.

சென்னையில் கோபிசங்கர் நின்றான். இரண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நின்று அழுதான். நான்தான் ஆரணியை அவன் கையில் கொடுத்தேன். இவள் ஆரணி, குப்புறப் போட்டால்தான் நித்திரை கொள்வாள் என்று சொன்னேன். அவளுக்கு அவன் நெஞ்சு பிடிக்கவில்லை, தட்டையாக இருந்தது. என் பக்கம் கையை நீட்டினாள். இரண்டு நாளில் பழகிவிடுவாள் என்று எல்லோருமாகச் சொன்னோம். பழகிவிட்டாளாம். அதைக் கேட்டபோது சந்தோசமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. தோட்டக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று வெங்காயச் சாக்குப் பக்கம் போய் நின்றேன்.

வீட்டில் ஏணை இரண்டையும் நான் அவிழ்க்கவில்லை. தனிச் சமையல் ஒத்துவரவில்லை. பாணும் தேநீரும், சில நாள் அதுவும் இல்லை. தேநீர்க்கடைக்காரர் வடையைத் தட்டில் வைத்துக் கூப்பிட்டாலும் பசிக்கவில்லை என்பேன். அவர் மனம் உண்மையாகவே நொந்தது.

அப்படி ஐந்தாறு மாதம் போனபின் பணியகத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் மடியில் ஏற்றிச் செல்லப்பட்ட குழந்தை, தாங்கள் நாடு திரும்பியபோது மடியில் காணப்படவில்லை. மடி வெறுமையாக இருப்பதற்கான காரணத்தை எழுத்தில் தரவும். தவறின் புதுப்பித்தல் மறுக்கப்படும்.' புதுப்பிக்கிற எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு யாரிடமாவது பதில் சொல்லவேண்டும்போல இருந்தது. கைபிடி இல்லாத படியால் ஏறிப் போனேன். இந்தமுறை மூச்சு வாங்கவில்லை.

பிள்ளை தகப்பனிடம் பாதுகாப்பாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். குணலட்சுமி வாசித்துவிட்டு, காரணம் விதிக்குள் வருகிறது என்றார். பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. தம்பிஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பணியகத்தின் சரித்திரத்தில், எந்தத் திருத்தமும் இல்லாமல், கைந்நூலில் சொன்னபடியே ஒரு மடி. ஒன்பதரை அங்குலம். தம்பிஐயா என் கையைக் குலுக்கி, இது பணியகத்துப் பயிற்சியின் பலன் என்றார்.

குணலட்சுமி புதுச் சான்றிதழ் ஒன்றை எடுத்து, என் பெயரை வடிவாக எழுதினார். அடுத்த கோட்டில் பேனையை வைத்தபடி நிமிர்ந்தார்.

"இனி உங்களுக்கு முழுத் தகுதி அண்ணை. எந்தப் பிள்ளையை எழுதிறது?"

நான் குனிந்து பார்த்தேன். இத்தனை வருடமும் வயிறு மறைத்து வைத்திருந்த முழங்கால்கள் இரண்டும் தெரிந்தன. நல்ல மடிதான்.

"கைப்பை எண்டு எழுதுங்கோ," என்றேன்.